முதுமலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதுமலை போய்வந்தேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "புலி பார்த்தீங்களா?" என்பதுதான். கோயம்புத்தூரில் இருப்பதால் எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. பதினைந்து தடவைக்கு மேல் போயிருப்பேன். புலியைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் முதுகும் வாலும்தான். உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்த அந்த நாலைந்து நொடிக்காக நான் பதினைந்து தடவை போகவில்லை. புலி, புலி என்று தேடிக்கொண்டு போகிறவர்கள் மிச்சக் காட்டை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நீலகிரி என்றதும் ஊட்டிக் குளிரை நினைத்து ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம். முதுமலை மலையுச்சியில் இல்லை. மலைக்கு வடக்கே, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுக்காடு. பகலில் நன்றாகவே வெயில் அடிக்கும். 1940இல் சுமார் 60 சதுர கிலோமீட்டரில் சரணாலயமாகத் தொடங்கியது, படிப்படியாக 321 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. அதற்குள் 103 சதுர கிலோமீட்டர்தான் தேசியப் பூங்கா. 2007இல் புலிகள் காப்பகமானது. வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. வரைபடத்தில் மூன்று மாநிலம், யானைக்கு ஒரே காடு.

எப்போது போவது

எல்லோரும் போகும் ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள். காடு காய்ந்து கிடக்கும்போது விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், சுலபமாகக் கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை காட்டுத்தீ பயம். நிலைமை மோசமானால் வனத்துறையின் வண்டிச் சவாரியை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் சாலையோரத்தில் ஒரு பட்டை நிலத்தைச் சுரண்டி, எரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அது தீத்தடுப்புக் கோடு. தீ சாலையைத் தாண்டாமல் இருக்க வனத்துறை போடுவது. "ஐயோ காட்டை எரித்துவிட்டார்களே" என்று யாராவது வண்டியில் பதறினால் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மழை விட்டு புல் பச்சையாக இருக்கும், மான் கூட்டம் சாலையோரத்துக்கே வந்து மேயும். ஜூன், ஜூலையில் மேற்குப் பக்கம், அதாவது கூடலூரை ஒட்டிய பக்கம், நல்ல மழை பிடிக்கும். கிழக்கே மசினகுடி பக்கம் அதே நாளில் தூறல்கூட இருக்காது. இருபது கிலோமீட்டருக்குள் காடே மாறிவிடும்: ஒரு பக்கம் தேக்கும் மூங்கிலும், மறுபக்கம் முள்மரமும் கரடும். போகும்போது கவனியுங்கள், சாலையே பாடம் நடத்தும்.

எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் என்று போனால் அது வேறு ஊர். பிப்ரவரி, மார்ச்சில் போவதானால் பொக்காபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாத் தேதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் மசினகுடி வட்டாரத்தில் கூட்டம் நெரியும்.

போகும் வழி

நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயர் தெப்பக்காடு. மாயாற்றுப் பாலத்தை ஒட்டி, ஊட்டி–மைசூரு சாலையும் மசினகுடிச் சாலையும் சந்திக்கும் இடம். வரவேற்பு மையம், சவாரி டிக்கெட், யானை முகாம் எல்லாம் இங்கேதான். மைசூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பந்திப்பூர்க் காட்டுக்குள் புகுந்து வர வேண்டும். ஊட்டியிலிருந்து இரண்டு வழி. கூடலூர் வழி 67 கிலோமீட்டர். கல்லட்டி வழி 36 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதித் தூரம் என்று ஆசைப்படாதீர்கள். அந்த மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் ஏராளம். அதனால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை, கீழிருந்து ஏறலாம். கூடலூர் வழியே இறங்கி, திரும்பும்போது கல்லட்டி ஏறி ஊட்டி போனால் இரண்டு வழியையும் பார்த்த மாதிரி ஆகும்.

சொந்த வண்டி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஊட்டி–மைசூரு பேருந்துகள் எல்லாம் தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குச் சின்னப் பேருந்தும் உண்டு. அந்த 36 வளைவையும் ஓட்டுநர் ஒரு கையால் திருப்பும் அழகுக்காகவே ஒரு முறை போகலாம். சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம், அவ்வளவுதான்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கர்நாடகப் பக்கமிருந்து கக்கநல்லா சோதனைச் சாவடியில் நுழைந்தாலும் கேட்பார்கள். கிளம்பும் முன் அன்றைய விதி என்ன என்று பார்த்து, வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சாவடியில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்பது நரகம். இரண்டு, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலை மூடிவிடும். எட்டரைக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் கடைசி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். நீலகிரி மாவட்டம் முழுக்கத் தடை, சோதித்துப் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பெட்ரோலைக் கூடலூரிலோ ஊட்டியிலோ நிரப்பிவிடுங்கள். காட்டுக்குள் வண்டி நின்றால் இறங்கித் தள்ளும் இடம் அல்ல அது.

தங்குவது

வனத்துறை விடுதிகள் தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களில் இருக்கின்றன. காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அறை எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் காட்டுக்கு உள்ளேயே விடியலாம். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

தனியார் விடுதி என்றால் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் இருக்கின்றன. இதில் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அந்தப் பகுதி சீகூர் யானை வழித்தடம். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் குறுகலான பாதை. அதில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதை யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே பல விடுதிகளுக்குச் சீல் வைத்தாகிவிட்டது. அடுத்த சில மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஓர் ஆண் யானையை விரட்ட எரியும் பொருளை அதன்மேல் எறிந்தார்கள். தீ காதில் ஒட்டிக்கொண்டு எரிந்தது, யானை செத்துப்போனது. ஆகவே "எங்கள் வாசலிலேயே யானை வரும்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், வாசலை யார் போய் யானைப் பாதையில் வைத்தது என்று யோசியுங்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, "நைட் சஃபாரி". என் முதல் பயணத்தில் நான் ஏமாந்தது இதில்தான். தங்கியிருந்த இடத்தில் ஒருவர் ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஆளுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, ஸ்பாட் லைட் அடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். பார்த்தது இரண்டு முயல், ஒரு பசுமாடு. பசுமாட்டைப் பார்த்து என் மச்சான் "காட்டெருமை, காட்டெருமை" என்று கிசுகிசுத்தது இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது. இரவில் விளக்கடித்து விலங்கு பார்ப்பது சட்டவிரோதம் என்பதே பிறகுதான் தெரிந்தது. பிடிபட்டால் ஓட்டுநரோடு சேர்ந்து நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். பகலில் மசினகுடியில் கூப்பிடும் ஜீப்புகளும் பொதுச்சாலையில்தான் சுற்றிக்காட்ட முடியும். பூங்காவின் உள்பாதைக்குள் போக வனத்துறை சவாரி ஒன்றுதான் வழி.

சவாரி

காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். டிக்கெட்டை இணையத்தில் எடுக்கலாம். நேரில் வாங்குவதானால் கவுன்ட்டர் திறக்கும் முன்பே வரிசையில் நில்லுங்கள். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன, முந்தைய நாளே தெப்பக்காட்டில் கேட்டுவிடுவது நல்லது. வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றும்.

சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, பழுப்பு, கரும்பச்சை என்று மங்கலாகப் போடுங்கள். சென்ட் அடிக்காதீர்கள். ஜன்னலோர இடம் கிடைக்காத குழந்தையைச் சமாதானப்படுத்த மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கும் தாய்மார்களை ஒவ்வொரு சவாரியிலும் பார்க்கிறேன். அந்தப் பாக்கெட் கசங்கும் சத்தம் காட்டில் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

வண்டி கிளம்பியதும் எல்லோரும் தூரத்தில் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கேளுங்கள். புள்ளிமான் கூட்டமும் மந்திக் கூட்டமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். மந்தி மேலே கிளையைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் பாதியைக் கீழே போடும். அதை மான் தின்னும். பதிலுக்குக் கீழே மான் மூக்கு, மேலே மந்தி கண் என்று இரட்டைக் காவல். புலியோ சிறுத்தையோ நடமாடினால் மந்தி தொண்டையைக் காறுவது மாதிரி ஓர் ஒலி எழுப்பும். மான் கூர்மையாக ஒரு கத்து கத்தி, முன்னங்காலைத் தரையில் தட்டும். வாலைத் தூக்கிக்கொண்டு எல்லாம் ஒரே திசையில் பார்த்து நின்றால், நீங்களும் அந்தத் திசையில் பாருங்கள். மான் சில நேரம் வீணாகவும் கத்தும். ஆனால் கடமான் கத்தினால், ஆரன் அடித்தது போல ஒரே ஒரு கனத்த ஒலி வந்தால், ஓட்டுநரே வண்டியை நிறுத்திவிடுவார். கடமான் சும்மா கத்தாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எதிரே கருப்பாகப் பாறை மாதிரி நிற்பது காட்டெருமையாக இருக்கும். ஊரே அப்படித்தான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் அது எருமை இல்லை, மாட்டினம். சங்க காலத்தில் ஆமா என்றார்கள், காட்டுப்பசு என்று பொருள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு எருமை ஆக்கிவிட்டோம். நாலு காலிலும் முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல இருக்கும். அதைப் பார்த்தால் என் மச்சான் மாதிரி ஏமாற மாட்டீர்கள்.

செந்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் புலி பார்த்ததைவிட அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் நிறம், புசுபுசு என்று கருத்த வால். குரைக்காது, விசிலடித்துத்தான் ஒன்றையொன்று கூப்பிடும். தெருநாய் என்று நினைத்துத் திரும்பிக்கொள்கிறவர்களே அதிகம்.

எதுவும் வராத சவாரியும் உண்டு. அப்போது மரங்களைப் பாருங்கள். அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு அப்பியிருந்தால் யானை முதுகைத் தேய்த்த இடம். பட்டையில் நீளநீளக் கீறல் என்றால் நகம் தீட்டிய இடம். பாதையோரம் முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டிய சின்னப் பெட்டி தானியங்கிக் கேமரா. புலியின் வரி ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு என்பதால் அந்தப் படத்தை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். மலபார் அணிலைத் தேட அண்ணாந்து பாருங்கள்: நம் வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு, செம்பழுப்பும் கருப்பும் கலந்த முதுகு, கிளையிலிருந்து தொங்கும் வால்.

யானை முகாம்

சவாரி முடிந்தால் அப்படியே முகாமுக்கு நடந்துவிடலாம். நூறாண்டு பழைய முகாம். இங்கு வளர்ந்த குட்டிகளையும் வளர்த்தவர்களையும் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. காலை எட்டரை வாக்கில் ஒரு முறை, மாலை ஐந்தரை வாக்கில் ஒரு முறை தீனி கொடுப்பதைப் பார்க்க விடுவார்கள். கால்மணி நேரம் முன்பே போய் இடம் பிடியுங்கள், நடுவில் போனால் முதுகுகளைத்தான் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒரு பலகை இருக்கும்: எந்த யானைக்கு எவ்வளவு ராகி, எவ்வளவு கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு, தாதுக் கலவை என்று ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி எழுதியிருப்பார்கள். வேகவைத்து இறுக்கிய ராகியும் கொள்ளும் கட்டி கட்டியாக மேடையில் வரிசையாக இருக்கும். பாகன் ஒரு கட்டியை எடுத்து, சோற்றோடும் வெல்லத்தோடும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய்ச் சில்லை நடுவில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பந்தாக்குவார். யானை தும்பிக்கையை மேலே சுருட்டி வாயைத் திறந்து நிற்கும். இளஞ்சிவப்பு நாக்கு தெரியும். பந்து நேராக வாய்க்குள் போகும். மருந்து இருந்தால் அதுவும் பந்துக்குள்தான். ஒரு முறை ஒரு யானை வாயிலிருந்த பந்தை நிதானமாக ஒதுக்கி, மாத்திரையை மட்டும் உதட்டோரம் தள்ளியதையும், பாகன் "ம்ம்" என்று ஒரே ஒரு அதட்டல் போட்டு அதையே மறுபடி உள்ளே தள்ளியதையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் சிரப் கொடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இங்குள்ள பாகன்களும், காவடி என்று சொல்லும் உதவியாளர்களும் பெரும்பாலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பல வீட்டில் அப்பா, தாத்தா காலத்திலிருந்தே இதுதான் தொழில். தீனி முடிந்து ஓய்வாக இருந்தால் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள், எந்த யானைக்கு என்ன குணம் என்று சொல்வார்கள். பழைய ஆட்களிடம் மூர்த்தியைப் பற்றிக் கேளுங்கள். தந்தமில்லாத ஆண், அதாவது மக்னா. கூடலூரிலும் கேரள எல்லையிலும் இருபது பேருக்கு மேல் கொன்றதாகச் சொல்லி 1998இல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் காயம். வனத்துறைக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி பார்த்துத் தேற்றினார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு குழந்தைகள் பக்கத்தில் நின்றால்கூட அசையாத அளவுக்குச் சாதுவாகி, 2024 அக்டோபரில் வயதாகி இறந்தது.

யானையைத் தொட ஆசைப்படாதீர்கள், வாழைப்பழம் நீட்டாதீர்கள். கும்கி என்றால் பழகிய யானைதான். ஆனாலும் உங்களோடு பழகிய யானை அல்ல.

வானத்தையும் பாருங்கள்

பறவை பார்க்கிறவர்கள் தொலைநோக்கியோடு மசினகுடி பக்கம் போகட்டும். பாறுக் கழுகுகள் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். செந்தலைப் பாறும் கருங்கழுத்துப் பாறும் இருக்கின்றன. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுக்க இனத்தையே ஏறக்குறைய துடைத்துவிட்டது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கூடு இருக்கும் இடத்துக்குப் போக அனுமதி கிடையாது, கேட்கவும் வேண்டாம். காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறி நிலம் சூடானதும் அவையே வட்டமடித்து மேலே வரும். சாலையோர டீக்கடை பெஞ்சிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

சாலையில்

சொல்லப்போனால் பல பேர் யானையை முதலில் பார்ப்பது சவாரியில் அல்ல, தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரும் சாலையில்தான். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், ஆரன் வேண்டாம், எதற்கும் இறங்காதீர்கள். யானை எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். காதை ஆட்டி மேய்ந்துகொண்டிருந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. காதை விரித்து அப்படியே நிறுத்தி, தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நிதானமாகப் பின்னால் எடுங்கள். குட்டி இருந்தாலும், கன்னத்தில் மதநீர் வழிந்தாலும் இன்னும் இரண்டு மடங்கு தூரம். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்க இறங்கும் ஆள் உங்கள் வண்டியிலேயே இருந்தால் குழந்தைப் பூட்டைப் போடுங்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போடுவதும் அபராதத்துக்குரியது. பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்குதான் சாலையில் உட்கார்ந்து லாரியில் அடிபடுகிறது.

திரும்பி வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெயில் காலத்தில் புல்லோரம் நின்றிருந்தால் உண்ணி ஏறியிருக்கும், மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் நின்றிருந்தால் அட்டை. காலுறை விளிம்பு, முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, குழந்தைகளுக்குக் காதுப் பின்புறம் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் தீக்குச்சி வைக்காமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். போட்டிருந்த துணியை அன்றைக்கே வெந்நீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.